பணம் கட்டிய மாணவருக்கு எத்தனை பூட்டு?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கான பயிற்சி மையம் நடத்துகிறேன். காணொலி வகுப்புகளையும் பி.டி.எஃப். குறிப்புகளையும் எங்கள் செயலி வழியாக விற்கிறோம். புதிய தொகுதி வெளியான சில நாள்களிலேயே அவை டெலிகிராம் குழுக்களில் இலவசமாகச் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. ஒரு கணக்குக்கு ஒரே கைபேசி, ரூட் செய்த (இயங்குதளத்தின் முழுக் கட்டுப்பாட்டையும் பயனரே எடுத்துக்கொண்ட) கைபேசியில் செயலி திறக்காது, ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது, இணையம் இல்லாவிட்டால் குறிப்புகள் திறக்காது, தேர்வு முடிந்ததும் எல்லாம் தானாக அழிந்துவிடும் என்று ஐந்து பூட்டுகளைப் போடும்படி செயலியை உருவாக்கித் தந்த நிறுவனம் சொல்கிறது. ஒரே கைபேசி என்ற விதியை மட்டும் நடைமுறைப்படுத்திப் பார்த்தோம், புகார்கள் குவிந்துவிட்டன. பார்வையற்ற மாணவர் ஒருவர் குறிப்புகளைக் கேட்கவே முடியவில்லை என்கிறார். இவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து பூட்டுகளையும் எடைபோடும் முன், உங்கள் பாடங்கள் எப்படி வெளியே போகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு வகுப்பைத் திருட நூறு பேர் முயல வேண்டியதில்லை. ஒருவர் ஒரு முறை வெற்றி பெற்றால் போதும். அதன் பிறகு டெலிகிராமில் அதைப் பெறுகிறவர்கள் யாரும் உங்கள் பூட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. பணம் கட்டிய மாணவரோ செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் முன்னால் நிற்கிறார். ஆகவே, ஒரு பூட்டு திருடுபவரை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்று கேட்கும்போதே, பணம் கட்டியவரிடமிருந்து அது எதைப் பறிக்கிறது என்றும் கேட்க வேண்டும். செயலி நிறுவனங்கள் தரும் விலைப்பட்டியலில் இந்த இரண்டாவது கணக்கு ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

அடுத்து, நீங்கள் செய்வது விற்பனையா, வாடகையா என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். என் ஆலோசனை முழுவதும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கிறது. இசைத்துறை இதைப் பல ஆண்டுகள் இடறி விழுந்து கற்றுக்கொண்டது. 2003இல் ஆப்பிள் நிறுவனம் பாடல்களை இணையத்தில் விற்கத் தொடங்கியபோது ஒவ்வொரு கோப்பிலும் ஃபேர்பிளே என்னும் பூட்டு இருந்தது. அதே பத்தாண்டில் சாதாரணக் கைபேசிகளில்கூட ஃபார்வர்டு லாக் வந்தது. காசு கொடுத்து இறக்கிய ரிங்டோனை நண்பருக்கு அனுப்ப முயன்று, கைபேசி மறுத்ததைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். 2007இல் இ.எம்.ஐ. என்னும் இசை நிறுவனம் பூட்டில்லாத பாடல்களை விற்க முன்வந்தது. 2009 ஜனவரியில், தன் கடையிலுள்ள பாடல்கள் அனைத்தையும் பூட்டின்றி விற்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. ஆனால் மாதச் சந்தாவுக்குக் கேட்கும் பாடல்களிலும் பார்க்கும் படங்களிலும் பூட்டு இன்றும் இருக்கிறது; அதை எதிர்த்துப் பெரும்பாலோர் குரல் எழுப்புவதில்லை. சந்தா முடிந்தால் கதவு சாத்தப்படும் என்பது தெரிந்தே எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். உங்கள் காணொலி வகுப்பு, தேர்வு வரைக்குமான வாடகைப் பொருள். அச்சிட்டுக் கோடிட்டுப் படித்து, அடுத்த தேர்வுக்கும் எடுத்து வைத்துக்கொள்ளும் குறிப்புகள் விற்பனைப் பொருள். இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டால், அது ஒன்றுக்கு அளவுக்கு மீறியதாகவும் மற்றொன்றுக்குப் போதாததாகவும் இருக்கும்.

காணொலியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வைட்வைன் என்னும் பாதுகாப்பு முறை ஏற்கெனவே உள்ளடங்கியிருக்கிறது. அதை உருவாக்கிய நிறுவனத்தைக் கூகுள் 2010இல் வாங்கியது. அதன் எல்1 நிலையில், கோப்பைப் பூட்டியுள்ள மறையாக்கத்தை அவிழ்க்கும் வேலையும் காணொலியைக் கையாளும் வேலையும் சிப்புக்குள் தனித்து ஒதுக்கப்பட்ட பாதுகாப்பான பகுதியில் நடக்கின்றன. எல்3 நிலையில் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கின்றன. அதை உடைத்துவிட்டதாக 2019இன் தொடக்கத்திலேயே ஓர் ஆராய்ச்சியாளர் அறிவித்தார். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் எல்1 இருந்தால்தான் உயர் தெளிவில் படம் காட்டும். இதைக் கேட்டவுடன் 'எல்1 இல்லாத கைபேசியில் நம் செயலியும் திறக்க வேண்டாம்' என்று சொல்லத் தோன்றும். உங்கள் செயலி நிறுவனமும் அதைத்தான் சொல்லக்கூடும். அப்படிச் செய்யாதீர்கள். எல்3 மட்டுமே கொண்ட மலிவு விலைக் கைபேசிகள் பல உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள்தான் அரசு வேலைக்குப் படிக்கிறார்கள். விலை மிகுந்த கைபேசிகளிலும் இந்தச் சிக்கல் வந்ததுண்டு. 2017இல் வெளியான ஒன்பிளஸ் 5, 5டி ஆகிய இரண்டும் எல்3 நிலையோடுதான் விற்பனைக்கு வந்தன; பின்னர் எல்1 வேண்டும் என்று கேட்டவர்கள் கைபேசியையே நிறுவனத்துக்கு அனுப்பி வைக்க வேண்டியிருந்தது. கரும்பலகையில் எழுதுவது தெரிய 480பி தெளிவு பெரும்பாலும் போதும். எல்3 கைபேசிகளுக்கு அந்தத் தெளிவிலேயே வகுப்பைக் கொடுங்கள். மாணவரின் டேட்டாவும் மிச்சமாகும்.

இணையம் இல்லாவிட்டால் திறக்காது என்ற விதியைக் காணொலிக்கும் போட வேண்டியதில்லை. இறக்கி வைத்த வகுப்புக்குக் காலவரையறை உள்ள உரிமத்தைக் கைபேசியிலேயே சேமித்துவைக்கும் வசதி வைட்வைனில் இருக்கிறது. முப்பது நாளைக்கு ஒரு முறை இணையத்தில் இணைந்து புதுப்பித்தால் போதும் என்று வைத்துவிட்டால், சிக்னல் கிடைக்காத ஊரில் இருப்பவரும் பேருந்தில் போகும்போது பாடம் பார்ப்பவரும் தப்பித்துவிடுவார்கள்.

ஸ்கிரீன்ஷாட் தடைக்கு ஆண்ட்ராய்டிலேயே ஒரு கொடி, அதாவது செயலியின் நிரலில் போடும் ஓர் அடையாளம், இருக்கிறது. அதைப் போட்ட திரையைப் பதிவு செய்ய முயன்றால் கறுப்பாகவே வரும். செலவில்லாத, சோம்பேறித் திருட்டைத் தடுக்கிற பூட்டு, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பல செயலிகளில் செய்வதைப்போல ஒட்டுமொத்தச் செயலிக்கும் அதைப் போட்டுவிடாமல், காணொலித் திரைக்கும் மாதிரித் தேர்வுத் திரைக்கும் மட்டும் போடச் சொல்லுங்கள். கட்டண ரசீதையும் கால அட்டவணையையும் மாணவர் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவதில் உங்களுக்கு என்ன நட்டம்? இந்தக் கொடி எதைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும்: பக்கத்தில் இன்னொரு கைபேசியை நிறுத்தித் திரையைப் படம் பிடிப்பவரை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது.

அங்கேதான் நீர்க்குறி உதவுகிறது. பார்ப்பவரின் அடையாளம் காணொலியின் மேல் இடம் மாறி மாறித் தோன்றினால், இன்னொரு கைபேசியில் எடுத்த பதிவிலும் அது சேர்ந்தே வரும். பல பயிற்சிச் செயலிகள் இதற்கு மாணவரின் முழுக் கைபேசி எண்ணையே போடுகின்றன; இது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத பழக்கம். ஒரு மாணவியின் கைபேசியை வேறொருவர் எடுத்துப் பதிவு செய்து பரப்பினால், அவருடைய எண் ஆயிரக்கணக்கான அந்நியர்களின் கையில் சேர்ந்துவிடும். உங்களுக்கு மட்டும் பொருள் தெரிகிற சேர்க்கை எண் போதும்.

இனி, இவ்வளவு புகாரை வரவழைத்த ஒரே கைபேசி விதிக்கு வருகிறேன். ஆண்ட்ராய்டு 10 முதல் கைபேசியின் நிரந்தர அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சாதாரணச் செயலிகளால் படிக்க முடியாது. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் ஆண்ட்ராய்டு ஐ.டி., கைபேசியை முழுவதுமாக அழித்து மீட்டமைக்கும்போது மாறிவிடும். அதாவது, கைபேசி மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து ரீசெட் செய்து வாங்கும் மாணவர், கையில் அதே கைபேசி இருந்தும் உங்கள் சர்வரின் கண்ணுக்குப் புதிய ஆளாகிறார். திரை உடைந்து அண்ணனின் கைபேசியில் படிப்பவருக்கும் இதே கதிதான். உங்களிடம் குவிந்த புகார்களில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த விதியை எடுத்துவிட்டு, ஒரு கணக்கில் இரண்டு கருவிகளைப் பதிவு செய்யலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டுமே காணொலி ஓடும் என்று மாற்றுங்கள். பழைய கருவியை நீக்கும் பொத்தானை மாணவரின் கையிலேயே கொடுத்து, மாதத்துக்கு ஒரு முறை என்று வரம்பு வையுங்கள். கணக்கைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டு விற்பவருக்கு இந்த விதியும் போதிய தொல்லையைத் தரும். உங்கள் அலுவலகத் தொலைபேசியும் சற்று ஓய்வெடுக்கும்.

ரூட் செய்த கைபேசிகளைப் பற்றி நிறுவனங்கள் அச்சமூட்டுவதை நம்ப வேண்டாம். தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கைபேசியில் லினியேஜ் ஓ.எஸ். போன்ற மாற்று இயங்குதளம் ஒன்றை நிறுவி, இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுபவர்களும் இந்தத் தடையில் மாட்டுவார்கள். கைபேசியின் மென்பொருள் மாற்றப்படாததா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் அந்தக் கைபேசி தேறாது. அவர் செய்ததோ தன் சொந்தப் பொருளைத் தான் விரும்பியபடி பயன்படுத்தியது மட்டுமே. உண்மையாகவே ரூட் செய்து கோப்பை எடுக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சோதனையிலிருந்து மறைந்துகொள்ளவும் தெரியும். ஆகவே சோதனையின் முடிவைச் சர்வரில் ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேறாத கைபேசியில் பாடத்தை இறக்கி வைக்கும் வசதியை நிறுத்தலாம்; பாடத்தைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருந்தாலோ, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அணுகல்தன்மைச் சேவை இயங்கினாலோ மூடிக்கொள்ளும் செயலிகளும் இருக்கின்றன. அணுகல்தன்மைச் சேவையைச் சந்தேகிக்கும் செயலி, திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக்கை நம்பியிருப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

இதுவே உங்கள் பார்வையற்ற மாணவரின் சிக்கலுக்கும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதைவிட அதிக வாய்ப்புள்ளது வேறொன்று. குறிப்புகளைப் படியெடுக்க முடியாமல் செய்ய, சில நிறுவனங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் படமாக மாற்றிச் செயலிக்குள் காட்டுகின்றன. படத்தில் எழுத்து இல்லை. எனவே டாக்பேக்குக்குப் படிக்க எதுவும் இல்லை. எழுத்தாகவே காட்டும்படி மாற்றச் சொல்லுங்கள். அதோடு நில்லாமல், உங்கள் தட்டச்சர் எந்த எழுத்துருவில் அடிக்கிறார் என்றும் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த குறிப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். பூட்டை முழுவதும் எடுத்துவிட்டாலும் கருவி அதை உளறலாகவே படிக்கும். யூனிகோடுக்கு மாற்றினால்தான் தீரும். பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்.பி.) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் ஒரு படைப்பை மாற்றிக்கொள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். அந்த மாணவருக்கு நீங்கள் பூட்டில்லாத கோப்பைக் கொடுப்பதைச் சலுகையாக எண்ண வேண்டியதில்லை.

அப்படியானால் மற்றவர்களுக்கான குறிப்புகளில் பூட்டு வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. கடவுச்சொல் போட்ட பி.டி.எஃப். ஒரு நிமிடத்தில் திறந்த பி.டி.எஃப். ஆகிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாணவரின் பெயரும் சேர்க்கை எண்ணும் மெல்லிய எழுத்தில் இருக்கட்டும்; இரண்டொரு இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் இருக்கட்டும். அச்சிடலாம், கணினிக்கு மாற்றலாம், இணையம் இல்லாமலும் திறக்கலாம். பரப்புவதைத் தடுப்பது தன் பெயர் அதில் இருக்கிறது என்ற தயக்கம் மட்டுமே. இந்தத் தயக்கம் எல்லோரையும் நிறுத்தாது. அடையாளத்தை அழிக்கத் தெரிந்தவர் அழித்துவிடுவார். ஆனால் நண்பருக்கு என்று அனுப்பி, அது பத்துக் கை மாறிக் குழுவுக்குப் போய்ச் சேரும் கசிவை இது நன்றாகவே குறைக்கும்.

தேர்வு முடிந்ததும் குறிப்புகளை அழிக்கும் ஐந்தாவது பூட்டை மட்டும் எந்த நிபந்தனையுடனும் ஏற்க முடியவில்லை. 2009 ஜூலையில் அமேசான், உரிமைச் சிக்கலால் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, அவற்றை வாங்கியவர்களின் கிண்டில் மின்னூல் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் ஆத்திரம் அடங்கவில்லை. பள்ளிப் பாடத்துக்காக அதில் ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போனதால் வழக்கு வந்தது. நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் 1,50,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் எல்லாம் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பியதோடு, நூல்களில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலரும் கொடுத்தது. மாணவர் கோடிட்டு வைத்ததற்கும் ஒரு விலை உண்டு என்று ஒரு பெருநிறுவனமே ஒப்புக்கொண்டது போலத்தான். உங்கள் மாணவர் குரூப் 4இல் தவறவிட்டால் குரூப் 2ஏவுக்கு அதே குறிப்பைத்தான் எடுப்பார். காலவரையறை வைத்தே ஆக வேண்டும் என்றால் காணொலிக்கு மட்டும் வையுங்கள். பணம் கட்டும் பக்கத்திலேயே 'இந்த நாள் வரை பார்க்கலாம்' என்று தேதியுடன் எழுதுங்கள். உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பொத்தானில் எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே இயற்றியிருக்கிறது. 2025 ஜனவரி முதல் அது நடைமுறையில் உள்ளது. நம் ஊரிலும் இதைச் சட்டம் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். அந்த நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைப்பவரை இந்தப் பிரிவு தொடுவதில்லை. எனவே பூட்டை மீறிய ஒவ்வொரு மாணவரையும் காவல் நிலையத்தைக் காட்டி மிரட்டும் அறிவிப்பைச் செயலியில் வைக்காதீர்கள்.

உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் பரப்பும் குழுக்கள்தான். பதிப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி டெலிகிராம் போன்ற இடைநிலைத் தளத்துக்கு எழுத்து வடிவில் புகார் கொடுத்தால், அது 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணையை நீங்கள் காட்டாவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். ஒரு குழுவை மூடினால் வேறு பெயரில் அடுத்தது முளைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இதே தொல்லையில் இருந்த பயிற்சி ஆசிரியை நீத்து சிங் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அங்குள்ள சட்டம் தடுக்கிறது என்று டெலிகிராம் வாதிட்டும், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரங்களை மூடிய உறையில் தரும்படி நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. ஆகவே முகம் தெரியாதவர் என்று கைவிட்டுவிட வேண்டியதில்லை. பெரிய குழு ஒன்றைத் தேர்ந்து வழக்கறிஞரிடம் பேசுங்கள். போவதற்கு முன், குறிப்புகளில் எவ்வளவு உங்கள் சொந்த எழுத்து என்பதைப் பாருங்கள். அரசுப் பாடநூல்களிலிருந்து அப்படியே எடுத்த பக்கங்களுக்கு நீங்கள் உரிமை கோர முடியாது. அவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

திருட்டைக் கண்டுபிடிக்க என்று மாணவரின் தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலியாக உங்களுடையது இருந்தால், அந்த அனுமதிகளை நீக்கச் சொல்லுங்கள். சேர்க்கை எண்ணை வைத்துக் கசிவைத் தேட அவை எதற்கும் உதவாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உங்களுக்குத்தான் பொறுப்பு கூடும்.

செயலி நிறுவனத்துடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காணொலிகளின் மறையாக்கத் திறவுகோல்களும், மாணவர் பட்டியலும், நீர்க்குறிப் பதிவேடும் உங்கள் பெயரில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த நிறுவனம் தொழிலை நிறுத்தினாலோ, நீங்களே வேறு நிறுவனத்துக்கு மாறினாலோ, நடப்புத் தொகுதி மாணவர்களின் காணொலி உரிமங்கள் குறைந்தது தேர்வு நாள் வரை தொடர்ந்து இயங்க வேண்டும் என்றும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கு அவர்கள் மறுத்தால், முன்பணம் கொடுக்கும் முன் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.